தழை அறையில் பதினொரு முட்டை

பட்டுப்பூச்சி வளர்க்கிற வீட்டில் சந்தேகம் என்பது குணக்கேடு இல்லை, வேலையில் சேர்த்தி. கடத்தூருக்குப் பக்கத்தில், எங்கள் மல்பெரித் தோட்டத்தின் நடுவில் இருக்கும் ஷெட்டுக்குள் யாரும் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. வாசலில் ஒரு கோணிச்சாக்கு, பிளீச்சிங் பவுடரும் நீர்த்த சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அதை மிதித்துத்தான் உள்ளே வர வேண்டும். பக்கத்தில் ஒரு அகலமான பேசினில் அதே தண்ணீர் இருக்கும். கையை மணிக்கட்டு வரை முக்க வேண்டும். புகையிலை போட்டவர், கொசுவத்தி வாசனையோடு வந்தவர், நோய் வந்த வேறொரு ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி. ஒரு ஆளின் கையோடு வந்த நோய் ஒரு வாரத்தில் மொத்தப் புழுவையும் கூழாக்கிவிடும். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பதினைந்து வருடமாக இதையே செய்து, யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சொந்தத் தம்பி கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தபோதுகூட, "கைய முக்கிட்டு வா" என்று வெளியிலேயே நிறுத்தியவள் நான்.

அந்த ஷெட்டுக்குள் கேள்வி கேட்காமல் நான் விடுகிற ஒரே ஆள் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா. உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தவர். எங்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. அவர் கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் நாலைந்து மாதம் கழித்துத்தான் திரும்புவார். அதனால் தழை வெட்டுவது, புழுவுக்குப் போடுவது, கூடு எடுப்பது எல்லாம் அவரும் நானும்தான். நான்கு வருடம் முன்பு தழை நறுக்கும் கத்தியில் என் வலது கை மோதிர விரலின் மேல் கணு போனது. முந்தானையைக் கிழித்துக் கட்டி, என் கையைத் தன் மடியில் வைத்து, தருமபுரி ஆஸ்பத்திரி வரை அழுத்திப் பிடித்தபடியே வந்தவர் அண்ணி. நான் பாதி மயக்கத்தில் இருந்தேன். வழியெல்லாம் அவர் அழுதுகொண்டே வந்தாராம், ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

அவரைத்தான் பதினொரு பாம்பு முட்டைக்காகச் சந்தேகப்பட்டேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சொட்டுநீர்க் குழாய் மாற்றுவதற்காக வரப்போரமாக ஜேசிபி வைத்துப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தோம். பழைய எருமேட்டை வாளி ஒரு முறை அள்ளியதும் டிரைவர் சட்டென்று வண்டியை அணைத்துவிட்டார். சரிந்த மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கொத்து. கோழி முட்டையைவிடக் கொஞ்சம் நீளம். ஓடு இல்லை, தோல் போல மெத்தென்று இருந்தது. ஒன்றோடொன்று சில ஒட்டிக் கிடந்தன.

"நாகப்பாம்பு முட்டைங்க்கா, சத்தியமா நாகம்தான்" என்றார் டிரைவர். அவர் இறங்கவே இல்லை.

அண்ணி கையில் இருந்த தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டார். "மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திப் போடுங்க. ஒண்ணுகூட மிச்சம் வெக்காதீங்க."

அவர் அப்படிச் சொன்னதில் தப்பு இல்லை. இரண்டு வருடம் முன்பு இதே தோட்டத்தில் அவரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தார், ஆனால் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. நடக்கும்போது அந்த விரல் மட்டும் மண்ணை லேசாகக் கீறிக்கொண்டு வரும்.

என் கணவர் எந்த விஷயத்துக்கும் யாருக்காவது போன் போடுகிற ஆள். வனத்துறைக்குப் போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் வனக்காப்பாளர் பைக்கில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சித்தேரி மலைக்காரப் பெண். முட்டைகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினாள்.

"சாரை மாதிரிதாங்க்கா தெரியுது" என்றாள்.

அந்த 'மாதிரி' எனக்குப் பிடிக்கவில்லை. "மாதிரின்னா? நாகமா இருந்தா?"

"முட்டைய வெச்சு அடிச்சு சொல்ல முடியாதுங்க்கா. ஆனா நாகம்னா தாய் பெரும்பாலும் பக்கத்துலயே கெடக்கும். இங்க எதுவும் காணோம்."

"என்னக் கடிச்ச கண்ணாடிவிரியனோட முட்டையா இருந்தா?" என்று அண்ணி மேட்டிலிருந்து கேட்டார்.

"கண்ணாடிவிரியன் முட்டை போடாதுங்க ஆயா, குட்டிதான் போடும்."

ஆயா என்றதில் அண்ணிக்குக் கோபம். அவருக்கு ஐம்பது கூட ஆகவில்லை. "எல்லாம் பாம்புதானே" என்று சொல்லிவிட்டுத் தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் பிறகு என்னிடம் வந்து தேன் ஒழுகப் பேசினாள். மேடு போய்விட்டதாம், வேறு இடத்தில் புதைத்தால் இந்த வெயிலில் வெந்துவிடுமாம். ஆபீசில் கரண்ட் நிலையாக இல்லையாம். "உங்க ஷெட்டுல டிகிரி பாக்கற மீட்டர் இருக்குது, குளுந்த ரூம் இருக்குது. ரேஞ்சர் சார்கிட்ட சொல்லி உத்தரவு வாங்கிட்டேன். பொரிச்ச ஒடனே நானே எடுத்துட்டுப் போயி வுட்டுர்றேங்க்கா."

இவள் ஏன் இவ்வளவு குழைகிறாள், வேலையைத் தலையில் கட்டிவிட்டுக் காணாமல் போகப் போகிறாளோ என்று எனக்கு மூக்கு வேர்த்தது. இருந்தாலும் சரி என்றேன். காரணத்தை ஒளிப்பானேன், அந்த 'மீட்டர் இருக்குது' என்ற சொல்லுக்குத்தான் மயங்கினேன். டிகிரி பிசகாமல் பார்த்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்கிற திமிர் எனக்கு உண்டு.

பெட்டிக்கு முதலில் அலைந்தேன். கடத்தூரில் மீன் கடைக்காரர் ஒரு தெர்மாகோல் பெட்டி கொடுத்தார். நாலு முறை கழுவியும் வாடை போகவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு மருந்துக் கடையில் ஊசி மருந்து வருகிற பெட்டியை வாங்கினேன். கம்பைநல்லூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில், சூடு ஏறினால் பல்பைத் தானே அணைத்து, இறங்கினால் தானே எரியவிடும் சின்ன டிஜிட்டல் கருவி கிடைத்தது. கடைக்காரர் அதைத் தரும்போது, "கோழிக்குஞ்சுக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"முப்பத்தேழரை வெச்சுக்கோங்க. முட்டைய தெனம் மூணு வாட்டி திருப்பணும், மறந்துறாதீங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பாம்பு முட்டைக்கு இரண்டுமே நேர் எதிர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது போதும். திருப்பவே கூடாது. மண்ணுக்குள் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம்தான் கடைசிவரை மேலே இருக்க வேண்டும். திருப்பினால் உள்ளே இருப்பது மூச்சடைத்துச் செத்துவிடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பள்ளத்திலேயே ஒவ்வொரு முட்டையின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத்தான் எடுத்தாள். ஒட்டியிருந்தவற்றைப் பிரிக்கவில்லை.

பெட்டியின் அடியில் தண்ணீர் நிரப்பிய நாலு பாட்டில்கள், சூடு சட்டென்று ஏறி இறங்காமல் இருக்க. ஒரு ஓரமாக இருபத்தைந்து வாட் பல்பு, அதன் மேல் ஓட்டை போட்ட தகர டப்பா. நடுவில் ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் தென்னை நார்த்தூள். நார்த்தூளில் உப்பு இருக்கும் என்று சந்தேகப்பட்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்து, முட்டைகளைப் பாதி புதைத்து மூன்று வரிசையாக வைத்தோம். முன் வரிசையில் நாலு, நடுவில் நாலு, பின்னால் மூன்று. மூடியில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்தார் என் கணவர். திறக்காமலே பார்க்கலாம். எல்லாவற்றையும் ஷெட்டை ஒட்டிய தழை அறையில், மல்பெரித் தழை வாடாமல் வைக்கிற அந்தக் குளிர்ந்த அறையில், பலகை மேல் வைத்தோம். முட்டை வைக்கும் முன் மூன்று நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டு, சூடு நிற்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தேன். கருவி காட்டுகிற எண்ணை நம்பாமல் ஷெட்டு வெப்பமானியையும் உள்ளே வைத்து ஒத்துப் பார்த்தேன். அரை டிகிரி பொய் சொன்னது. அதற்கு ஏற்ப மாற்றி வைத்தேன். அதுவரை முட்டைகள் எருமேட்டு மண்ணோடு ஒரு மண்சட்டியில், அதே அறையின் இருட்டு மூலையில் இருந்தன.

அன்றிலிருந்து காலையில் ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை. ஷெட்டுக்கும் தழை அறைக்கும் வாசலில் அதே சாக்கும் பேசினும்தான். சாக்கை மிதிப்பேன், பேசினில் கையை முக்குவேன், உள்ளே போய் மூடியைத் தூக்குவேன், நார்த்தூளை நாலு விரலால் அழுத்தி ஈரம் பார்ப்பேன், சூட்டைக் குறிப்பேன், மூடிவிடுவேன். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தால் புகைபோலத் தண்ணீர் தெளிப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஒரு வாரத்தில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. தழை அறை வாசலில் எறும்புக்காக நான் ஒரு கோடு சுண்ணாம்புத்தூள் போட்டு வைப்பேன். அதில் ஒரு கால் தடம், கட்டைவிரல் இடத்தில் ஒரு கீறல்.

அந்த அறையில் அண்ணிக்கு அப்போது வேலையே இல்லை. பழைய புழு முடிந்து, புதுப் புழு வருவதற்கு இடைப்பட்ட நாட்கள் அவை. மறுநாளும் கீறல். அதற்கு மறுநாளும். நான் தோட்டத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறார். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் கேட்கவில்லை, கவனிக்கத் தொடங்கினேன். அதுதான் என் புத்தி. மூடியின் மேல் வைத்த செங்கல் நான் வைத்த இடத்தில் இருக்கிறதா, மேலே போட்ட ஈரச்சாக்கு நான் மடித்த மாதிரியே இருக்கிறதா என்று பார்ப்பேன். அண்ணியோடு களை எடுக்கும்போது பாம்புப் பேச்சை இழுத்துப் பார்ப்பேன்.

"பொரிச்சிருமா அது?" என்று ஒருநாள் அவரே கேட்டார்.

"ஏன் அண்ணி, பொரிக்கக் கூடாதா?"

"கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் மென்றேன்.

அதன் பிறகு தம்பி குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. கம்பைநல்லூருக்கு இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன். விருந்தில் இலைக்கு முன் உட்கார்ந்தும் என் நினைப்பு தழை அறையில்தான். திரும்பிவந்து, சேலைகூட மாற்றாமல், வாசலில் காலையும் கையையும் நனைத்துக்கொண்டு உள்ளே போய் மூடியைத் தூக்கினேன்.

முன் வரிசையில் இரண்டு முட்டைகள் மஞ்சள் பூத்து, நடுவில் குழி விழுந்து, காற்று இறங்கிய பந்து போல் கிடந்தன. நார்த்தூளின் மேற்பரப்பு காய்ந்திருந்தது. அந்தப் பழுப்பின் மேல், முட்டைகளை ஒட்டி, வெள்ளையாக ஒரு கைத்தடம். விரல் விரலாகத் தெரிந்தது. ஒரு விரல் மட்டும் முழுதாகப் பதியவில்லை. அவசரத்தில் வைத்த கைதானே, திருட்டுக் கைதானே, எப்படி முழுதாகப் பதியும் என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் படம் எடுத்தேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தண்ணி தெளிக்க மறந்துட்டேன்" என்றார். "உள்ளயே போகல. பல்பு எரியுதான்னு சன்னல் வழியா பாத்தேன், அவ்ளோதான்."

"நீங்க உள்ள போகல. அப்ப இது யாரு கை?"

"எனக்கென்ன தெரியும்? பூதக்கண்ணாடி வெச்சுப் பாரு" என்று போய்விட்டார்.

வாசலுக்கு வந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன். கட்டைவிரல் கீறல் இருந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையிலேயே கேட்டேன்.

"தழை ரூமுக்குள்ள போனீங்களா அண்ணி?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போனேன்."

"எதுக்கு?"

"எண்ணிப் பாக்க. பதினொண்ணும் இருக்குதான்னு. ஒண்ணு பொரிச்சு வெளிய வந்துட்டா? நான் வெறுங்கால்ல நடக்கறவ. கண்ணாடி வழியா எண்ணிட்டு வந்துருவேன். தெனமும்தான் போறேன்."

"எண்ணுறதுக்கு உள்ள கைய வுடணுமா?"

"கையா? நானா?" அண்ணி சிரித்துவிட்டார். "அதத் தொடுறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா?"

அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அப்ப இது யாரு கை? ரெண்டு முட்டை போச்சு. மொதல்ல இருந்தே கொளுத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? சுண்ணாம்புத் தண்ணிய ஊத்திக் கெடுத்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அண்ணி கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, போனை வாங்கத் தயாராக நான் நீட்டியிருந்த கையை. போனைத் திருப்பித் தந்தார்.

"சரி" என்றார். அலசிய துணியை வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பதில் இல்லாததால்தான் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி.

மறுநாள் அவர் தோட்டத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் தழை அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரே சாவி, அது என் தாலிக்கொடியில்.

புதுப் புழு வந்துவிட்டது. நாளுக்கு மூன்று வேளை தழை. கடைசி வாரத்தில் புழு பெருந்தீனி தின்னும்போது அண்ணி இல்லாமல் நான் தலையால் தண்ணீர் குடித்தேன். கூலிக்கு இரண்டு பெண்களை வைத்தேன். அவர்கள் கையை முக்குகிறார்களா, முக்கிய மாதிரி பாவலா செய்கிறார்களா என்று பார்ப்பதற்கே எனக்குப் பாதி நாள் போனது. அண்ணி இருந்தால் நான் ஒரு பக்கம் தழையைப் போட்டுக்கொண்டே போவேன், எதிர்ப்பக்கம் அவர் சரிசெய்துகொண்டே வருவார். பேச்சே தேவைப்படாது. புழு அடுக்கின் எதிர்ப்பக்கம் ஆள் இல்லாத அந்த இடம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் போய்க் கூப்பிட மனம் வரவில்லை. தப்பு செய்தவர் அவர், அவர்தான் வர வேண்டும் என்று வீம்பு.

பூட்டு போட்ட எட்டாம் நாள் முன் வரிசையில் மூன்றாவது முட்டை மஞ்சளாகிக் குழி விழுந்தது. அடுத்த மூன்று நாளில் நாலாவது. இப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு சந்தேகம். கணவர் மாற்றுச் சாவி செய்து அக்காவிடம் கொடுத்துவிட்டாரோ என்று அவர் சட்டைப் பையைத் துழாவினேன். பீடித்துண்டு ஒன்றுதான் கிடைத்தது. பீடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார், அதற்குத் தனியாக ஒரு சண்டை.

காட்டுத்தீ வேலை என்று இரண்டு வாரம் வராமல் இருந்த வனக்காப்பாளர் அன்றைக்குத்தான் வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். படத்தைக் காட்டினேன். அவள் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "முட்டையக் காட்டுங்க்கா மொதல்ல" என்றாள்.

பூட்டைத் திறந்தேன். வழக்கம்போலச் சாக்கை மிதித்து, பேசினில் கையை முக்கி உதறிவிட்டு, உள்ளே போய் மூடியைத் தூக்கினேன். ஈரம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட நாலு விரலால் முன்பக்கத்தில் அழுத்தினேன்.

"நிறுத்துங்க்கா" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"தெனமும் இப்படித்தான் பாப்பீங்களா? இந்தக் கையோடயேவா?"

"ஆமா. சுத்தமான கை."

"அது பிளீச்சிங் தண்ணிங்க்கா. சுண்ணாம்பு வேற. இது தோல் முட்டை, எல்லாத்தையும் உறிஞ்சும்." முன் வரிசை இருந்த இடத்து நார்த்தூளை அவள் விரலால் லேசாகக் கிளறினாள். அடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "ஈரமா இருந்தா தெரியாது. காஞ்சாத்தான் வெள்ள பூக்கும். நீங்க ஊருக்குப் போன ரெண்டு நாள் யாரும் தண்ணி தெளிக்கல, அதான் தெரிஞ்சிருக்குது."

நான் போனை எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் முழுதாகப் பதிந்திருந்தன. மோதிர விரல் ஒரு கணு குட்டை. என் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் வைத்துப் பார்த்தேன்.

அந்தப் பெண் பேசினைத் தூக்கி ஷெட்டுப் பக்கம் தள்ளி வைத்தாள். இந்த அறைக்கு மட்டும் வெறும் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால் போதும் என்றாள். முன்பக்கத்து நார்த்தூளை வழித்து எறிந்தோம். இன்னும் ஏழு முட்டைகள் நன்றாக உப்பி வெள்ளையாக இருந்தன. அவை என் கை எட்டாத வரிசைகள்.

எனக்கு முட்டை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கிணற்றடியில் அண்ணி என் கையைப் பார்த்த பார்வைதான் கண்ணை விட்டுப் போகவில்லை. பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெட்கத்தில் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. நாளைக்குப் போகலாம், கூடு எடுத்த பிறகு போகலாம் என்று பத்து நாளைத் தள்ளினேன். கிணற்றுக்குக்கூட அவர் வராத நேரமாகப் பார்த்துப் போனேன்.

பதினோராம் நாள் காலையில் மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், நடு வரிசையில் ஒரு முட்டையில் பிளேடால் கீறியது போல இரண்டு வெட்டு. அதன் வழியாகச் சின்னதாக ஒரு மூக்கு. பெரிய உருண்டைக் கண். வனக்காப்பாளருக்குப் போன் போட்டேன். அவள் வந்து குனிந்து பார்த்து, "ஒதட்டுல கருப்புக் கோடு பாருங்க்கா. சாரைதான். மாதிரி இல்ல, சாரையேதான்" என்று சிரித்தாள். மத்தியானத்துக்குள் ஏழும் கிழிந்துவிட்டன. சில தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வெளியே வரலாமா வேண்டாமா என்று எங்களையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதற்கு மேல் தள்ள முடியாது. கிணற்றைச் சுற்றிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்.

"பொரிச்சிருச்சு அண்ணி. சாரைதானாம். வந்து பாக்கறீங்களா?"

அவர் முறத்தை நிறுத்தவில்லை. "எனக்கென்ன வேல அங்க?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போட்டோவப் பாத்தப்பவே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"அந்த வெரலக் கட்டுனவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

முறம் நின்றது. "சொல்லியிருப்பேன். நீ பாத்த பார்வையில எனக்கே ஒரு நிமிஷம் பயம் வந்துருச்சு. வூட்டுக்கு வந்து எங் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நாம தொட்டுட்டோமோன்னு. அப்படிப் பாத்தே நீ."

"பேசின் தண்ணியால வந்த வெனை அண்ணி. கை நனைச்சதுல…" என்று ஏதேதோ இழுத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். நான் முன்னால் நடக்க, பின்னால் அவர் கட்டைவிரல் மண்ணைக் கீறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

தழை அறை வாசலில் அவர் நின்றார். பேசின் அங்கே இல்லை. அதைக் கவனித்தார். பிறகு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டி, பத்து விரலையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். "பாத்துக்க" என்றார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நான் வழி விட்டு ஒதுங்கி நின்றேன்.

உள்ளே போய், பெட்டியிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டு, விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். வனக்காப்பாளர் அவருக்காக மூடியை நன்றாகத் திறந்து பிடித்தாள்.

"ஏழு" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். "பதினொண்ணுல்ல இருந்துச்சு? மீதி நாலு?"

அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். இருந்தும் அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் மேல் பழி போட்டு வழியில் நான் இழுத்ததையெல்லாம் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"நான்தான் கொன்னேன் அண்ணி" என்றேன். "என் கைதான்."

அண்ணி தலையை ஆட்டினார். "சரி" என்றார். அந்தப் பழைய 'சரி' இல்லை இது. பிறகு பெட்டியைப் பார்த்தபடியே, மணி என்ன ஆகிறது, புழுவுக்கு மத்தியானத் தழை போட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். வாசலுக்கு வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை முக்க அந்தப் பேசினை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று கேட்டார்.